ஜில்லுனு ஆயிடுச்சு

எங்கள் ஆம்புலன்சின் டேஷ்போர்டில் ஏசி திருகியின் மேல் குறுக்காக ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்திரிதான். அதன் மேல் நீலப் பேனாவில் 'கொழந்தை இருந்தா தொடாதே' என்று எழுதியிருக்கும். எழுதியவர் சிஸ்டர். யாருக்காக எழுதினார் என்பதில் சந்தேகமே வேண்டாம், அந்த வண்டிக்கு நான் ஒருவன்தான் டிரைவர்.

திருவள்ளூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. அதில் பிரசவ வார்டும் குழந்தைகள் அறையும் சிஸ்டருடைய ராஜ்யம். கடம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். ரயில் தாமதமானால் அதற்கும் என்னைத்தான் திட்டுவார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், உயரம் என் தோள் அளவு, குரல் மட்டும் பிளாட்பார ஒலிபெருக்கி அளவு. பச்சைக் குழந்தையை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினால் அவருக்கு ஒரே வேதம்தான்: பச்ச உடம்பு, சூடு எறங்கக் கூடாது. தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, பஞ்சு, அதற்கு மேல் தாயின் பழைய புடவை, அதற்கும் மேல் ஒரு துண்டு. ஏசி கிடையாது, ஜன்னலும் கிடையாது. மே மாதத்தில் அப்படிப் போய் இறங்கும்போது குழந்தை சுகமாகத் தூங்கும், நான் இட்லி மாதிரி வெந்திருப்பேன். ஒருமுறை இதைச் சொல்லிப் புலம்பியபோது, "நீ வெந்தா சட்னி வெச்சுக்கலாம்யா, கொழந்த ஆறிப்போனா இன்னா பண்றது?" என்று கேட்டார். பதில் இல்லாத கேள்விகளைக் கேட்பதில் அவர் கெட்டிக்காரர்.

என்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஆஸ்பத்திரியில் எனக்கு ஜோக்கர் என்று பெயர். நோயாளியோடு வருகிறவர்கள் பக்கத்து சீட்டில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். மூர் மார்க்கெட் லோக்கல் ரயிலில் இஞ்சி மிட்டாய் விற்றவனிடம் கற்ற வித்தை அது. பார்க்கிறவர்களுக்கு நான் ரொம்பத் தைரியசாலி போலத் தெரியும். உண்மை என்னவென்றால், பயம் வந்தால் எனக்குக் கொட்டாவி வரும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும், எனக்கு வாய் தானாகப் பிளந்துகொள்ளும். வண்டியில் எவ்வளவு சீரியசான கேஸ் இருக்கிறதோ அவ்வளவு பெரிய கொட்டாவி. இதைத் தெரிந்துகொண்ட ஒரே மனிதர் சிஸ்டர். "டிரைவரு கொட்டாவி உடறான், சீக்கிரம் ஏத்துங்க" என்று வார்டு ஆயாவிடம் சொல்வார்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததே தவிர அழவில்லை. வெளியே வருவதற்குள் கழுத்தில் கொடி சுற்றி மூச்சு முட்டிப்போயிருந்தது. டாக்டரும் சிஸ்டரும் பலூன் வைத்து மூச்சு கொடுத்து, பல நிமிடங்கள் போராடி இதயத்தை ஓட வைத்துவிட்டார்கள். மூச்சு வந்தது. ஆனால் கை கால் துணி மாதிரி தொங்கியது. பதினோரு மணிக்கு ஒரு வெட்டு வந்தது, கை கால் இழுக்கிற வலிப்பு. மூளைக்குக் காற்று போகாமல் இருந்ததால் வருகிற வெட்டு என்றார்கள். டாக்டர் சென்னையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து சிஸ்டரைத் தனியே கூப்பிட்டார். சிஸ்டர் வெளியே வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. நேராக வண்டிக்கு வந்தார், டேஷ்போர்டில் இருந்த பிளாஸ்திரியைப் பர்ரென்று கிழித்தார், கசக்கி எறிந்தார்.

"ஏசிய ஃபுல்லா வெய்யி."

"சிஸ்டர், கொழந்த கேசுதானே?"

"கொழந்த கேசுதான்யா. ஃபுல்லா வெய்யி."

பிறகுதான் விளக்கினார். மூச்சு முட்டிப் பிறந்த குழந்தைக்கு மூளை உடனே முழுசாகக் கெட்டுப்போவதில்லை. முதல் அடி விழுந்து சில மணி நேரம் கழித்து இரண்டாவது அடி விழும். அதற்குள் உடம்பை முப்பத்து மூன்று, முப்பத்து நாலு டிகிரிக்கு இறக்கி, மூன்று நாள் அங்கேயே நிறுத்தி வைத்தால் அந்த இரண்டாவது அடியைக் குறைக்கலாம். இப்போது புதிதாக இப்படித்தான் செய்கிறார்களாம். ஆனால் பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். மூன்றே முக்காலுக்கு மேல் போனால் பிரயோஜனம் கிடையாது. முப்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கினால் இதயத்துக்கு ஆபத்து. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே குளிர வைக்க ஆரம்பிக்க வேண்டும், அதுவும் அளந்து அளந்து.

பதினைந்து வருடமாகக் குழந்தைகளைச் சூடாக வைப்பதே தன் பிறவிப் பயன் என்று இருந்தவரிடம், ஒரு போன் காலில், இந்தக் குழந்தையைக் குளிர வை என்று சொல்லிவிட்டார்கள். வேறு யாராவதாக இருந்தால் இரண்டு நாள் யோசித்திருப்பார்கள். சிஸ்டர் ஐந்து நிமிடத்தில் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜிலிருந்து ஜெல் பைகளை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வாசலில் குழந்தையின் அத்தை நின்றிருந்தாள். குழந்தையை வெறும் டயப்பரோடு தூக்கி வருவதைப் பார்த்ததும் தன் முந்தானையால் மூடினாள். சிஸ்டர் எடுத்தார். துண்டால் மூடினாள். சிஸ்டர் அதையும் எடுத்தார். எங்கிருந்தோ ஒரு கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். சிஸ்டர் அதைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்து, "இத நீ போட்டுக்க" என்றார்.

"பச்சப் புள்ளய இப்பிடி அம்மணமா ஐசுல போட்டு இட்டுக்கினு போறாங்களே, நீங்கள்லாம் புள்ள பெத்தவங்கதானா?" என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். எனக்குள் இருந்த அத்தையும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தாள் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தகப்பன் என் பக்கத்தில் ஏறினான். இருபத்தைந்து வயது இருக்கும். காக்களூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. இரும்புப் பல்சக்கரங்களைச் சூளையில் பழுக்கக் காய்ச்சி ஆறவைக்கிற வேலை. காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தான். சொந்த ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம், ஆந்திர எல்லை, அதனால் பேச்சில் நடுநடுவே ஒரு நைனா வந்து விழும். வண்டி கிளம்பி, சைரன் போட்டு, ஏசி சில்லென்று முகத்தில் அடித்தபோது முதல் கொட்டாவி எனக்கு வந்துவிட்டது.

"தூக்கமாண்ணா?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

"இல்லப்பா, ஆறு மணி நேரத்துல ஆறணும், ஆறு வந்தா தாண்டணும், அதான் யோசிக்கிறேன்" என்று ஒரு ஜோக் அடித்தேன். அவன் சிரிக்கவில்லை. நியாயம்தான். எனக்கே சிரிப்பு வரவில்லை.

எங்கள் வண்டியில் டிரைவருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதைத் திறந்து வைத்துவிட்டு சிஸ்டர் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எண் சொல்லிக்கொண்டு வந்தார். குழந்தையின் பின்புறத்தில் செருகிய மெல்லிய ஒயர் காட்டுகிற எண் அது. செவ்வாப்பேட்டையில் முப்பத்தாறு. திருநின்றவூர் தாண்டும்போது முப்பத்தஞ்சு புள்ளி நாலு. ஒவ்வொரு எண்ணுக்கும் தகப்பன் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டான்.

"எறங்கிக்கினே போதேண்ணா."

"எறங்கணும்பா. சிஸ்டர் சொன்னாங்கள்ல."

"தெரியும்ணா. எங்க பட்டறையிலயும் அப்பிடித்தான். பழுத்த சாமானத் தடால்னு தண்ணியில போட்டா வெடிச்சிரும். மெதுவாத்தான் ஆறணும்." கொஞ்ச தூரம் போனபிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "ஆனா அது இரும்புண்ணா" என்றான்.

பட்டாபிராமில் லாரி, ஆவடியில் பஸ், அம்பத்தூரில் சகலமும். அப்போதெல்லாம் அந்தச் சாலையில் மத்தியானம் ஒரு மணிக்குச் சைரன் இல்லாமல் போனால் பாடியைச் சாயங்காலம் பார்க்கலாம். சைரன் போட்டால் மட்டும் ஷேர் ஆட்டோக்காரன் வேண்டா வெறுப்பாக ஒரு முழம் நகர்வான். அந்த ஒரு முழத்தில்தான் எங்கள் பிழைப்பு.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. பின்னால் இருக்கிற உயிர் போய்விட்டது என்று தெரிந்ததும் டிரைவர் சைரனை நிறுத்திவிடுவான். வண்டியை இடது பக்கம் ஓரம் கட்டி மெதுவாக ஓட்டுவான். இனிமேல் யாருடைய வழியையும் கேட்க நமக்கு உரிமை இல்லை என்று அர்த்தம். கை தானாகச் செய்துவிடும். மூளைக்குச் செய்தி அப்புறம்தான் போகும்.

அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டியபோது பின்னால் சிஸ்டரின் போன் அடித்தது. சென்னை டாக்டர். சைரன் சத்தத்தில் பாதி வார்த்தைகள்தான் என் காதில் விழுந்தன.

"ஜில்லுனு ஆயிடுச்சு டாக்டர்" என்றார் சிஸ்டர்.

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்.

"ஆமா டாக்டர்... எடுத்துட்டேன். எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

என் கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்தது.

"டைம் ஒன்னு அம்பது. குறிச்சிக்கினேன்."

அவ்வளவுதான். என் கை போய்ச் சைரனை நிறுத்தியது. வண்டி தானாக இடது ஓரத்துக்கு வந்து ஒரு சிமெண்ட் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது. வாய் பிளந்துகொண்டது. இத்தனை பெரிய கொட்டாவியை என் வாழ்நாளில் விட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது கொட்டாவித் தண்ணீரா, வேறு தண்ணீரா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஆயிரம் ஜோக் தெரிந்தவனுக்கு இதைச் சொல்ல ஒரு வார்த்தை தெரியவில்லை.

தகப்பனுக்கு எங்கள் பழக்கமெல்லாம் தெரியாது. அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான், சுவிட்சைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாண்ணா, சைரன் ரிப்பேராயிடுச்சா?"

நான் தலையை எப்படியோ ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"அதுக்கா அழுவுறீங்க? நைனா, நீங்க ஓட்டுங்க. நான் கத்துறேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். இடுப்பு வரை வெளியே நீட்டினான். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டு கத்த ஆரம்பித்தான். "ஓரம் போ, ஓரம் போ, கொழந்த போவுது, ஏய் ஆட்டோ, இன்னாத்துக்கு முழிக்கிற, ஒதுங்கு, கொழந்த போவுதுய்யா." சைரனுக்கு நகராத ஷேர் ஆட்டோக்காரன் அவனுக்கு நகர்ந்தான். சிமெண்ட் லாரிக்காரன் பயந்துபோய் மண்ணில் இறக்கிவிட்டான். முன்னால் சாலை திறந்துகொண்டே போகிறது, நான் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். அந்தக் குழந்தைக்காக இவன் திறக்கிற வழியில் போக எனக்குத் தைரியம் இல்லை.

கண்ணாடி ஜன்னல் வழியாக ஒரு கை வந்து என் பின்மண்டையில் படாரென்று அடித்தது.

"யோவ், இன்னாயா ஆச்சு? சைரன் எங்க? எதுக்கு ஆமையாட்டம் போற? அவன் எதுக்கு வெளிய தொங்கறான்?"

"சிஸ்டர்... நீங்கதானே... ஜில்லுனு ஆயிடுச்சுன்னு..."

அடித்த கை என் தோளைப் பிடித்தது. பிறகு சிஸ்டர் ரொம்பத் தாழ்ந்த குரலில், தகப்பனுக்குக் கேட்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"முப்பத்தி மூணரை வந்துடுச்சுயா. அதுக்கு மேல எறங்கக் கூடாதுன்னு ஐஸ எடுத்துட்டேன். அதத்தான் சொன்னேன். கொழந்த உசுரோட இருக்குது, கால ஆட்டுது. ஓட்டுயா, பாவி."

எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். சைரனைப் போட்டது தெரியும், பாடியைத் தாண்டியது தெரியும், நடுவில் இருந்த ஊர்கள் என்னைப் பார்த்திருக்கலாம், நான் அவற்றைப் பார்க்கவில்லை. சைரன் வந்த பிறகும் தகப்பன் உள்ளே வரவில்லை. சைரனும் அவனும் சேர்ந்து கத்தக் கத்தப் போனோம். இரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். உள்ளே கொண்டுபோய் அளந்தபோது முப்பத்து மூன்று புள்ளி ஆறு. அங்கிருந்த டாக்டர் சிஸ்டரிடம், "ரோட்டுலயே இவ்ளோ கரெக்டா எப்படி வெச்சீங்க?" என்று கேட்டாராம். சிஸ்டர் அதைத் திரும்பி வரும்போது என்னிடம் மூன்று முறை சொன்னார்.

அந்தத் திரும்பும் வழியில்தான் நான் கேட்டேன். நாலு நிமிடம் தின்றுவிட்டேனே சிஸ்டர், அதனால் ஏதாவது ஆகிவிடுமா? பிறகு பலமுறை அதே இடத்தில் வாட்சைப் பார்த்து ஓட்டிப் பார்த்திருக்கிறேன், நாலு நிமிடம்தான். சிஸ்டர் டிபன் பாக்சைத் திறந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "வண்டி ஆட்டத்துல அந்த ஒயரு நழுவப் பாத்துச்சு. நீ மெதுவா போனியே, அப்பதான் பிளாஸ்திரி போட்டு ஒட்டுனேன். நல்லதுக்குத்தான்." உண்மையாகவே ஒட்டினாரா, என் கொட்டாவியைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாரா, இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் சோறு வாயில் இருப்பதுபோல் நடிப்பார்.

மூன்று நாள் குளிரில் வைத்திருந்து, அப்புறம் மணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினார்களாம். ஐந்தாம் நாள் தகப்பன் போன் செய்தான். நாங்கள் எடுத்ததும் போனைக் குழந்தையின் பக்கத்தில் பிடித்தான். அது வீறிட்டுக்கொண்டிருந்தது. நானும் சிஸ்டரும் ஸ்பீக்கரில் போட்டு ஒரு டீ ஆறுகிற நேரம் கேட்டோம். ஆனால் டாக்டர்கள் ஜாக்கிரதையான மனிதர்கள். இப்போது எதுவும் சொல்ல முடியாது, நடக்கிறதா, பேசுகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றுவிட்டார்கள். அதனால் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டர் ரயிலைத் தவறவிட்டதாகச் சொல்லிக்கொண்டு காக்களூரில் அவர்கள் வீட்டுக்குப் போவார். வண்டி ஓட்டுபவன் நான். கழுத்து நின்றதா, குப்புற விழுந்ததா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்ப்பார். எனக்குக் கொட்டாவி வரும். அந்தப் பெண் பதினான்கு மாதத்தில் தட்டுத்தடுமாறி நாலு அடி நடந்து, வாசலில் நிறுத்தியிருந்த ஆம்புலன்சின் டயரில் போய் முட்டி, அழுதது. சிஸ்டர் தூக்கப் போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் சிஸ்டருக்கு ஆஸ்பத்திரியில் பிரிவு உபசார விழா நடந்தது. நான் வண்டியை விட்டு மூன்று வருடம் ஆகிறது, முதுகு போய்விட்டது, வாய் மட்டும் ஓடுகிறது. அந்தக் குடும்பமும் வந்திருந்தது. பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி, அப்பனிடம் சதா சண்டை. தகப்பன் மைக்கைப் பிடித்து, சைரன் ரிப்பேரான கதையைச் சொல்ல ஆரம்பித்தான். வருடத்துக்கு ஒருமுறை சொல்வான், ஒவ்வொரு முறையும் தூரம் நீளும். முதலில் அம்பத்தூரிலிருந்து பாடி வரை கத்தினான். இந்த முறை ஆவடியிலேயே சைரன் போய்விட்டது. கூட்டம் கைதட்டியது. நான் எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாற்காலியை நகர்த்தினேன். மேடையிலிருந்த சிஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகக் கட்டிய கூட்ட அறை. ஏசி கொல்லுகிறது. விழா முடிந்து எல்லோரும் கேசரிக்குப் போனபிறகு, அந்தப் பெண் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு சிஸ்டரிடம் வந்து, "குளிருது சிஸ்டர், ஏசிய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

சிஸ்டர் புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார், பழக்கதோஷம். பிறகு தன் தோளில் போர்த்தியிருந்த பொன்னாடையை உருவி, அவளை இழுத்து, தலையோடு சேர்த்துச் சுற்றினார். ஒரு விரல்கூட வெளியே தெரியாமல், அந்தக் காலத்தில் பச்சைக் குழந்தைகளைச் சுற்றுவாரே, அதே மாதிரி.

"ஐயோ, ஜரிகை குத்துது சிஸ்டர்."

"குத்தட்டும்" என்றார் சிஸ்டர். "அப்பிடியே இரு."